தெரியாதது ஏழு

என் தொழில் மைக் செட்டு.
காதுகுத்து, கட்சிக் கூட்டம், அறுபதாம் கல்யாணம்:
சத்தத்தை ஊருக்குள் விட்டுத்தான் பழக்கம்.
எடுத்துத் தரச் சொல்லி வந்தது
உமையாள் மேடம் ஒருத்தர்தான்,
அதுவும் தண்ணிக்குள்ளேயிருந்து.

"மீன் பேசுமா?"
"சத்தம் போடும், ஜபருல்லா.
எந்தச் சத்தம் எந்த மீனுடையது, அதுதான் தெரியவில்லை."

பழைய காலிங்பெல்லின் பித்தளைத் தகடு,
எம்-சீல், மெழுகு, இருபது மீட்டர் ஒயர்.
மைக் ஆயிற்று.
கேமராவுக்குக் காரைக்குடி மீன்தொட்டிக் கடையில்
கண்ணாடிப் பெட்டி ஒன்று.
இந்த முறை மீன் வெளியே.

கனத்துக்கு அடியில்
மூலை உடைந்த ஆத்தங்குடிக் கல்,
எட்டு அங்குலம், நடுவில் சிவப்புப் பூ.
மேலே நீந்துவதைப்
பூவை வைத்தே அளக்கலாம் என்றார்.

படம் ஒரு மெஷின், ஒலி ஒரு மெஷின்.
இரண்டையும் கோக்க
பள்ளத்தூர்க் கண்மாயில் முங்கி, லென்ஸுக்கு எதிரே
செம்பராங்கல் இரண்டைத் தட்டினேன்.
கல் கல்லைத் தொடும் சட்டகம்,
'டக்' என்று கோடு எழும் இடம்,
அங்கே முடிச்சு.

பத்து நாள் கடையை இறக்கிவிட்டுக் கேட்டோம்.
கொதிக்கிற எண்ணெய் மாதிரி ஒன்று:
படத்தில் மீனே இல்லை,
வெயில் ஏற ஏற
பாசியிலிருந்து கிளம்பும் குமிழிகள்.
கிரீச், கிரீச்:
நகத்தளவு பூச்சி. அதற்கா அத்தனை தொண்டை!
தொம், தொம்:
எதிர்க்கரையில் யாரோ போர்வை துவைக்கிறார்கள்.
ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டே போனார்.
மிச்சத்துக்கெல்லாம்
தெரியாதது ஒன்று, தெரியாதது இரண்டு.

குத்தகைக்காரர் சவரிமுத்து சிரித்தார்.
"கெளுத்திதான் கத்தும். இந்தாங்க."
கையில் அது முள்ளை விரித்து
கர்ர் கர்ர் என்றது.
"பிடித்தால் போடுகிற சத்தம் இது.
பிடிக்காதபோது?"
முப்பது வருஷம் பிடித்த கை
வேட்டியில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டது.

முளைப்பாரி ராத்திரி கேமராவை எடுக்க மறந்துபோனோம்.
கரையில் என் எட்டுக் குழாய், என் ஜெனரேட்டர்.
மறுநாள் பார்த்தால்
பூவின் மேல் மஞ்சள் முளைகள் மெல்ல இறங்குகின்றன,
கெண்டைகள் வந்து கொறிக்கின்றன;
ஹெட்போனிலோ
ஒரே இரைச்சல், சுவர் மாதிரி, நாலு மணி நேரம்.
"இது எந்த மீன்?" என்றார்.
"நான்தான் மேடம்" என்றேன்.

இரண்டு பத்துக்கு டீசல் தீர்ந்திருக்கிறது.
அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
தவளைகூட இல்லை.
மூணு நாற்பத்தொன்று:
சிவப்புப் பூவுக்கு மேல் ஒரு கெளுத்தி,
மீசை முன்னால் நீட்டி,
பக்கத்து முள் விரிந்து மடங்குகிறது.
ஐந்து சட்டகம்.
அதே ஐந்துக்குள்
கர்.
கையில் போட்டதில் பாதிகூட இல்லை.
எதிரே வந்த இன்னொன்று திரும்பிப் போனது.
பதினோரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு
'தெரியாதது நாலு' என்பதை அடித்து
கெளுத்தி என்று எழுதினார்.
பேனா மூடியைத் தேடினோம், கிடைக்கவில்லை.

நாலு மணிக்குக் கிட்டத்தில் இன்னொரு சத்தம்.
பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டு மாடியில்
இரும்புப் பெட்டியை யாரோ நகர்த்துகிற மாதிரி.
மூன்று முறை.
படத்தில் கலங்கல், கல்லின் பூ,
ஓரத்தில் ஏதோ ஒரு வால், அல்லது இலை.
அதற்குப் பிறகு பத்து ராத்திரி காத்தோம்.
வரவில்லை.
சித்திரையில் தண்ணீர் வற்றி,
ஊரே இறங்கி மீன் பிடித்தது.
வந்த மீன் எல்லாம் தெரிந்த மீன்.

தெரியாதது ஏழு
இன்னும் என் கடை கம்ப்யூட்டரில் இருக்கிறது.
பில் போடுகிற நேரத்தில் சில நாள் ஓட்டுவேன்.

இந்த மாசியில் கோயில் கமிட்டி கூப்பிட்டது.
ஜெனரேட்டரைக் கண்மாய்க் கரையில் வைக்காமல்
ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தேன்,
குழாய்களை ஊரைப் பார்த்துத் திருப்பிக் கட்டினேன்.
நூறு மீட்டர் ஒயர் கூடுதல் எதற்கு என்று கேட்டார்கள்.
கரையில் ஈரம், ஷாக் அடிக்கும் என்றேன்.